சித்தப்பாவின் பொறுப்பில் நான்கு பெட்டிகள்

பழைய தலைமையாசிரியை மாற்றலாகிப் போன அன்று நல்ல மழை. செவ்வாய்க்கிழமை. அவருடைய நாற்காலி, புத்தக மூட்டைகள், ஒரு பூந்தொட்டி எல்லாம் ஏற்றிய வேன் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெளியேறப் பார்த்தது. அதே நேரத்தில் சரக்கு வேன் ஒன்று உள்ளே நுழையப் பார்த்தது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய வாசல் அது. இரண்டு டிரைவர்களும் கண்ணாடியை இறக்கி, உனக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். கடைசியில் சரக்கு வேன் பின்வாங்கியது. தலைமையாசிரியை எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் போனார். சரக்கு வேன் உள்ளே வந்தது.

அதில் இருந்தவை நான்கு அட்டைப்பெட்டிகள். ஒரு வருஷமாகக் கடிதம் மேல் கடிதம் எழுதி அந்த அம்மா வரவழைத்தவை. அவை வந்து இறங்கியபோது அவர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

பெட்டிகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் என் சித்தப்பா. அந்த அரசுப் பள்ளியின் ஸ்டோர் கீப்பர். அட்டைப்பெட்டி மழையில் நனையக் கூடாது என்ற ஒரே கவலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். உள்ளே கொண்டுபோய்த் துடைத்த பிறகுதான் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். ஆணுறை.

நான் அப்போது சில நாடுகளைச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல், சித்தப்பா வீட்டு மாடியறையில் வந்து விழுந்திருந்தேன். அன்று அவருக்குக் குடை கொண்டுபோனவள் நான்தான். அதனால் அந்த முகத்தை நேரில் பார்த்தேன். சாக்பீஸ், பூட்டு, கால்பந்து, பினாயில் என்று வாழ்நாள் முழுக்க வாங்கி வைத்த மனிதர், ஏதோ தானே கடையில் போய்க் கேட்டு வாங்கியதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"பள்ளிக்கூடமே பார்த்துச்சு சித்தப்பா."

"சரி. கதவைச் சாத்து."

சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வீட்டு ரொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது ஸ்டோர் விதி. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். புது ரொட்டி வாங்கி வந்தாலும் பழைய ரொட்டி தீர்ந்த பிறகுதான் அதைத் தொடலாம். அது தீர்வதற்குள் இது பழசாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் புது ரொட்டி சாப்பிட்டதில்லை என்று சித்தி சொல்வாள். சோப்பு, பற்பசை, தீப்பெட்டி எல்லாவற்றிலும் மூலையில் பென்சிலால் தேதி இருக்கும். நான் வந்து இறங்கிய அன்று என் முதுகுப்பையில் இருந்த தலைவலி மாத்திரையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன வருஷமே செத்துப்போச்சு, இதை நம்பியா ஊர் ஊரா சுத்துற?" என்றார். அதுதான் அவருடைய வரவேற்பு.

அந்தக் கல்வி ஆண்டோடு அவருக்கு ஓய்வு. அவர் மனசில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு ஆசை. ஸ்டோரை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது 'குறிப்புரை' என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும். அவருக்கு முன் இருந்தவருக்குக் காணாமல்போன பெஞ்சுகளைப் பற்றி ஒரு ரிமார்க். அதற்கும் முன் இருந்தவருக்கு எலி தின்ற வரைபடங்களைப் பற்றி. சித்தப்பா காலத்தில் எதுவும் காணாமல் போனதில்லை, கெட்டுப்போனதும் இல்லை. பதக்கமா தரப்போகிறார்கள் என்று சித்தி கேலி செய்வாள். "பதக்கம் வேணாம். அந்தக் கட்டம் காலியா இருந்தா போதும்" என்பார்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்த கதையாக இந்த நான்கு பெட்டிகள் வந்து சேர்ந்தன. எங்கெங்கோ கிடந்துவிட்டு வந்த சரக்கு. பாதி ஆயுள் வழியிலேயே போயிருந்தது. சித்தப்பாவின் ஓய்வும் அந்தப் பெட்டிகளின் காலாவதியும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வரும்.

மறுநாள் புதுத் தலைமையாசிரியர் பொறுப்பேற்றார். வணக்கம் சொன்ன கையோடு சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். நாற்காலியில் உட்காரப் போன புதியவர் உட்காராமலே நின்றார்.

"நான் கேட்கலையே சார்."

"பழைய மேடம் கேட்டாங்க சார்."

"கேட்டவங்க எங்க?"

"போயிட்டாங்க சார்."

"அப்ப நீங்களும் நானும் பார்க்கல சார்."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் சார்."

புதியவர் அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாராம். திருப்பி அனுப்பலாமா என்று இலாகாவுக்குக் கேட்டு எழுதினார்கள். பதில் வந்தது: வழங்குவதா, திருப்புவதா என்பதை ஆசிரியர், பெற்றோர் அடங்கிய குழு முடிவு செய்ய வேண்டும், முடிவாகும் வரை பொருளை ஸ்டோர் கீப்பர் தன் பொறுப்பில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பழைய தலைமையாசிரியை சும்மா கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் மேல் வகுப்புப் பெண் ஒருத்தி பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். கெட்டிக்காரப் பெண். ஏன் நின்றாள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா மட்டும் வாயைத் திறக்காமல் பேனாவைத் திறந்தார்.

குழுவின் முதல் கூட்டம் விலங்கியல் ஆய்வகத்தில் நடந்தது. மற்ற அறைகளில் மின்விசிறி ஓடவில்லை. எலும்புக்கூட்டின் பக்கத்தில் தலைமையாசிரியர், எதிரே பெற்றோர். சித்தப்பா ஓரமாக ஒரு ஸ்டூலில். தேநீர் போட ஆள் வராததால் அந்த வேலைக்காக நானும் உள்ளே இருந்தேன்.

எதிர்ப்பு அணிக்குத் தலைமை பேக்கரியம்மா. மூன்று பையன்கள், மூன்று பேரும் அதே பள்ளி. அவர் எழுந்தால் நாற்காலியும் கொஞ்சம் கூடவே எழும்.

"பென்சிலைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிற பசங்க சார். இவங்க கையில இதைக் குடுத்தா அதையும் தொலைச்சிட்டு வருவாங்க. பள்ளிக்கூடம்னா படிப்பைக் குடுங்க. இதையெல்லாம் எதுக்குக் குடுக்கறீங்க?"

விலங்கியல் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "பாடப்புத்தகத்துல பாடம் இருக்கும்மா. பரீட்சையில கேள்வியே வருது."

"பாடத்துல சிங்கம்கூடத்தான் இருக்கு. அவுத்து விடுவீங்களா?"

கைதட்டல். ஒரு தகப்பனார் எழுந்து, "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லாததாலதான் நீங்க அண்ணன் தம்பி ஒன்பது பேரு" என்றது பின்வரிசை. யாரென்று தெரியவில்லை. அவரும் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

உடற்பயிற்சி ஆசிரியருக்கு வேறு கவலை. "சார், ஒழுக்கமெல்லாம் அப்புறம். இதுல தண்ணி ஊத்தி ஒருத்தன் மேல ஒருத்தன் அடிப்பானுங்க. மைதானத்தை யார் பெருக்கறது?"

எல்லோரும் பேசி முடித்த பின் ஸ்டோர் சார் ஏதாவது சொல்கிறீர்களா என்று தலைமையாசிரியர் கேட்டார். சித்தப்பா எழுந்து நின்று, ஆதரவும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல், "எந்த முடிவா இருந்தாலும் தேதிக்குள்ள எடுத்துட்டா நல்லது சார். அப்புறம் யாருக்கும் உதவாது" என்றார். குழு அதை ஆழ்ந்து பரிசீலித்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தது.

அடுத்த கூட்டமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கூட்டம் கூடக் கூட வெயிலும் ஏறியது. ஸ்டோர் அறைக்குத் தகரக் கூரை. பெட்டியின் மேலே, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று அச்சடித்திருந்தது. சித்தப்பா பெட்டிகளைச் சுவரோரம் நகர்த்திப் பார்த்தார், தரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தலைமையாசிரியரின் அறை குளுகுளுவென்று இருக்கும். கேட்டதற்கு, "என் ரூம்லயா? என்னை நாலு பேர் பார்க்க வருவாங்க சார்" என்றார்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே நான்கு பெட்டிகள், கறுப்புத் துணியில் சுற்றி. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சித்தியின் தையலறை. சித்தி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைப்பவள். டெய்லரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். அந்த அறையில் ஏற்கெனவே துணிக்கட்டுகளும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கிக் கிடக்கும். இன்னும் நான்கு சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"பள்ளிக்கூடத்துச் சாமான். இதைத் தொடாதே" என்றார்.

சித்தியின் வாயில் குண்டூசிகள். வேலை நேரத்தில் எப்போதும் நாலைந்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

சித்தப்பா போட்ட கணக்கில் ஒன்றை மறந்துவிட்டார். சனிக்கிழமைதோறும் எதிர்ப்பு அணி கூடுவது எங்கே? அதே தையலறையில். சீருடை வாங்க வரும் அம்மாக்கள் எல்லோரும் வசதியாக உட்கார்ந்து பேச அந்தத் தெருவில் வேறு இடம் கிடையாது. முதல் சனிக்கிழமை நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலிகள் நிறைந்த பின் பேக்கரியம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். கறுப்புத் துணி மூடிய பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார்.

கதவோரம் நின்ற சித்தப்பாவின் முகம் இஞ்சி தின்றதுபோல ஆனது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல, கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"அண்ணே, ஏன் நிக்கறீங்க? உட்காருங்க."

"இல்லம்மா... அந்தப் பெட்டி... நாற்காலி கொண்டு வரட்டுமா?"

"இதுவே மெத்துனு நல்லாருக்கு அண்ணே."

அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அவர் முழங்கினார்: "ஒரு பெட்டிகூட நம்ம பசங்க கிட்ட வரவிடக் கூடாது!" நான் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கீழே தையல் மெஷின் மட்டும் நிற்காமல் ஓடியது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். சத்தம் குறைந்தது, சிரிப்பு கூடியது. சித்திக்கு வேலையும் கூடியது. புதுச் சீருடைக் காலம் இல்லை, ஆனாலும் பழைய கால்சட்டைகள் ஏதோ திருத்தத்துக்கு வந்தபடி இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை சித்தப்பா துணியை விலக்கிப் பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். நான்கும் இருக்கும். நிம்மதியாக மூடிவிடுவார்.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. கடைசிக் கூட்டம் அந்த வெள்ளிக்கிழமை. அதிலும் முடிவு வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பொருள் காலாவதியாக இன்னும் சில வாரம் இருந்தது. உயிரோடு ஒப்படைத்துவிட்டால் போதும், அப்புறம் அடுத்தவர் பாடு. பெட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி எடுத்துப்போக ஆட்டோ வாசலில் நின்றது. சித்தப்பா வேட்டியை மடித்துக்கட்டி, மூச்சைப் பிடித்து, முதல் பெட்டியைத் தூக்கினார். பாரத்துக்குத் தயாராக இருந்த உடம்பு. பெட்டி தலையணைபோல எழும்பியது. பெட்டியும் அவருமாகப் பின்னால் போய்த் துணிக்கட்டில் விழுந்தார்கள்.

உள்ளே முழுக்க வெட்டுத்துணி. உட்கார்ந்தால் அமுங்காதபடி இறுக்கி அடைத்திருந்தது. மற்ற மூன்றும் அப்படியே.

அவர் சத்தம் போடவில்லை. மாடிக்கு வந்து, என் அறை வாசலிலேயே நின்று, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அம்மாடி. உன்னைத் தப்பா நினைக்கல."

"எதுக்கு சித்தப்பா?"

"நீ நாலு ஊர் சுத்துற பொண்ணு. இந்தக் காலத்துப் பொண்ணு. எங்களுக்குத் தெரியாத பழக்கவழக்கம் எவ்வளவோ இருக்கும். ஏதோ ஒரு அவசரத்துக்கு... தேவைப்பட்டு... கீழ இருந்து எடுத்திருந்தா சொல்லிடு. நான் கோபப்பட மாட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எவ்வளவு காணோம்?"

"நாலு பெட்டி."

"நாலு பெட்டியுமா! சித்தப்பா, என்னை என்னன்னு நினைச்சீங்க?"

"அதான் நானும் யோசிச்சேன்" என்றார், ரொம்பப் பணிவாக.

கீழே மெஷின் சத்தம் நின்றது. இருவரும் படிக்கு வந்து எட்டிப் பார்த்தோம். சித்தி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்திவிட்டு, "அவளை ஏன் கேக்கறீங்க? நான்தான்" என்றாள்.

சித்தப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டாவது சனிக்கிழமையே பேக்கரியம்மா உட்கார்ந்த பாரத்துல பெட்டி வாய் கிழிஞ்சு எல்லாம் கொட்டிடுச்சு. அத்தனை பேரும் பார்த்தோம். யாருக்கும் பேச்சு வரல. நான் அள்ளி உள்ள போட்டு வாயை ஒட்டிட்டேன். எல்லாரும் போன பின்னாடி அவ மட்டும் நின்னா. 'என் பெரியவன் இப்பல்லாம் கண்ணாடி முன்னாடியே நிக்கறான். அவங்க அப்பாவை கேக்கச் சொன்னா அவர் அடுப்புக்குப் பின்னாடி ஒளியறாரு. நான் எப்படிக் கேக்க?'ன்னா. நான் ஒண்ணும் பேசல. தைக்க வந்த அவன் கால்சட்டைக்கு உள் பாக்கெட் ஒண்ணு வெச்சு, அதுல ரெண்டு போட்டு, மடிச்சுக் குடுத்தேன்."

"அவங்கதான் வேணாம்னு கத்தறாங்களே!"

"பள்ளிக்கூடம் குடுக்க வேணாம்னு கத்தறாங்க. நான் என்ன பள்ளிக்கூடமா?"

அடுத்த வாரம் பேக்கரியம்மா சொல்லி இன்னொருத்தி. அப்புறம் இன்னும் இருவர். அம்மா கேட்டால்தான் பாக்கெட். பையன் கண்டுபிடித்தால் அம்மா வைத்ததென்று நினைக்க மாட்டான், டெய்லரம்மா வைத்தது என்று நினைப்பான். டெய்லரம்மாவிடம் வந்து எவன் கேட்பான்? அம்மாவுக்கும் மானம் மிச்சம், மகனுக்கும் மானம் மிச்சம். பெண் பிள்ளைகளின் ஸ்கர்ட்டுகளுக்கும் பாக்கெட் வைத்தாளாம். அதுவரை அவற்றுக்குப் பாக்கெட்டே கிடையாது. காரணம் தெரியாமல் பாக்கெட் மட்டும் கேட்டு வந்த பெண்களுக்கும் வெறும் பாக்கெட் தைத்துக் கொடுத்தாளாம்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" சித்தப்பாவின் குரல் உடைந்திருந்தது. "எனக்கு அந்த ஒரு கட்டம்தான். அது காலியா இருக்கணும்னு எத்தனை வருஷமா... உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் சித்தி. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தபடி சொன்னாள்: "பரீட்சைக்கு முன்னாடி நின்னுபோன அந்தப் பொண்ணோட ஸ்கர்ட்டை நான்தாங்க பிரிச்சு விட்டேன். இடுப்புல ஒரு தடவை. மாசம் போய் இன்னொரு தடவை. டேப் என் கையிலதான் இருந்துச்சு. அவ என் முகத்தைப் பார்க்கல, நான் அவ முகத்தைப் பார்க்கல. மூணாவது தடவை வருவா, அன்னிக்குக் கேட்டுடணும்னு இருந்தேன். வரல."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "வெறும் பெட்டியைத்தான் ஏத்தணும்" என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். மறுபடியும் அதே எலும்புக்கூடு. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், அதனால் மைக்கும் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியரின் மனைவிகூடப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் பையனும் அங்கேதான் படிக்கிறான். விவாதத்தைத் தொடங்காமலே முடித்துவிடும் உத்தேசத்தில் தலைமையாசிரியர் சொன்னார்:

"இரு தரப்பு நியாயத்தையும் கேட்டோம். அவசரப்பட வேணாம். பொருள் ஸ்டோர் சார் கிட்ட பத்திரமா இருக்கு. அடுத்த வருஷம்..."

சித்தப்பா எழுந்தார். "பொருள் இல்ல சார்."

"என்ன இல்ல?"

"நாலு பெட்டியும் காலி சார்."

"எங்க சார் போச்சு?"

சித்தப்பா பெற்றோர் வரிசையைப் பார்த்தார். அந்த வரிசை முழுக்க அப்போதுதான் எலும்புக்கூட்டை முதன்முதலாகப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பேக்கரியம்மாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, அவரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் எழுந்தார்.

"சார், அதெல்லாம் காலாவதி ஆயிருக்கும். வெயில் காலம் வேற. தூக்கிப் போட்டாச்சுன்னு எழுதிக்கோங்க. அண்ணனை ஏன் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

எவ்வளவு சுலபமான வழி. ஒரு வரியில் தீர்ந்திருக்கும். ஆனால் அவர் கைவைத்தது சித்தப்பாவின் உயிர்நாடியில்.

"காலாவதியா?" சித்தப்பாவின் குரல் ஏறி நான் கேட்டது அன்றுதான். "என் ஸ்டோர்ல ஒரு பசை டப்பா காலாவதி ஆனதில்லம்மா. தேதிக்கு முன்னாடியே, ஒண்ணுகூட வீணாகாம, வேண்டியவங்க கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கு சார். என் வீட்டுல இருந்துதான் போச்சு. அனுமதி இல்லாம போச்சு. அதுக்கு நான் பொறுப்பு. யாருக்குப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாங்கினவங்க யாராச்சும் எழுந்து நின்னா, திருட்டுப் போகலைன்னாவது தெரியும்."

எதுவும் எழுதப்படாத அந்த ஒரு கட்டத்தைத் தன் கையாலேயே அவர் நிரப்பிவிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது. சித்தி எழுந்தாள். அவள் வாங்கியவள் இல்லை, கொடுத்தவள், ஆனாலும் எழுந்தாள். பேக்கரியம்மா அவளைப் பார்த்து, "நீ வேற, உட்காருடி" என்று கையைப் பிடித்து இழுத்தார். சித்தி உட்காரவில்லை. பேக்கரியம்மா பெருமூச்சு விட்டார். நாற்காலியும் அவருமாக எழுந்தார்கள்.

"மூணு பசங்க சார்" என்றார் கூரையைப் பார்த்து. "எனக்கு வேற வழி தெரியல."

அப்புறம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அங்கொருத்தி, இங்கொருத்தி. சனிக்கிழமை சனிக்கிழமை முழங்கியவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், வீட்டுப்பாடம் எழுதாதவர்கள்போல. பக்கத்தில் எல்லோரும் எழுந்ததால் தானும் எழுந்த அந்த ஒன்பது பேர் குடும்பத்துத் தகப்பனார், "தேசிய கீதமா?" என்று கேட்டார். மனைவி அவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றார்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தபோது, கடைசி வரிசையில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"நீயுமா?" என்றார். மைக் அணைக்கப்படவில்லை.

"நம்ம பையன் கால்சட்டையைத் துவைக்கிறது நீங்களா நானா?" என்றார் அந்த அம்மா.

"உட்காருங்க, உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க" என்று தலைமையாசிரியர் கெஞ்சினார். அன்றைய கூட்டக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: 'பெற்றோர் சிலர் எழுந்து நின்றனர். பொருள் குறித்த முடிவு ஒத்திவைக்கப்பட்டது.'

ஸ்டோரை ஒப்படைத்த அன்று நானும் கூடப் போனேன். பூட்டுகள் சரி, கால்பந்துகள் சரி, பினாயில் சரி. கடைசியில் குறிப்புரைக் கட்டம். புதிதாக வந்தவர் இளைஞர், நல்ல பையன். "காலியா விட்டுடவா சார்? யாரும் பார்க்க மாட்டாங்க" என்று மெதுவாகக் கேட்டார். சித்தப்பா பேனாவை அவரிடமிருந்து வாங்கித் தானே எழுதினார்: 'நான்கு பெட்டி, அனுமதியின்றி வழங்கப்பட்டது.' எழுதி, ஊதி, மை காய்ந்ததா என்று பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேக்கரி முன்னால் நின்று, சூடாக அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டி ஒன்று வாங்கினார். பேக்கரியம்மா நல்லதாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் பழைய ரொட்டி பாதி இருந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டுப் புதியதைப் பிய்த்துச் சித்திக்குக் கொடுத்தார். சித்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ விருது வாங்கியவள்போலக் கொஞ்ச நேரம் சாப்பிடாமலே இருந்தாள்.

அடுத்த மாதம் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். இரண்டு மூன்று வருஷம் எங்கெங்கோ. ரிமார்க்கை நீக்கச் சொல்லி மனுப் போடுங்கள் என்று சித்தப்பாவைச் சித்திதான் நச்சரித்திருக்கிறாள். அவரும் போட்டிருக்கிறார். அது மேசை மேசையாக நகர்ந்து, நான் ஏதோ ஒரு ஊரில் கப்பலுக்குக் காத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கைபேசியில் அவருடைய செய்தி வந்தது. கடிதம் எழுதுவதுபோலவே எழுதியிருந்தார்.

'அன்புள்ள மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். குழு ஒருவழியாக முடிவு செய்துவிட்டது. மேல் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கலாமாம். என் மனுவுக்கும் பதில் வந்துள்ளது. முன்பு அனுமதியின்றி வழங்கிய பொருட்களை உரியவர்களிடமிருந்து திரும்பப் பெற்று, எண்ணிக்கை சரிபார்த்து, இப்போது முறைப்படி மீண்டும் வழங்கினால் என் ரிமார்க்கை நீக்குவார்களாம். உன் சித்தி காலையிலிருந்து மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். நான் பதில் எழுதிவிட்டேன். ஐயா, ரிமார்க் இருந்துவிட்டுப் போகட்டும்.'